சிதறிக் கிடக்கும் நண்பர்கள் கொழும்பில் கூடிச் சுற்ற: இராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கான முழு வழிகாட்டி

கீழக்கரை, மண்டபம், தங்கச்சிமடம், தொண்டி. இராமநாதபுரத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாங்கள் நான்கு பேரும் இந்த நான்கு ஊர்க்காரர்கள். இன்றைக்குக் கீழக்கரைக்காரன் துபாயில், தங்கச்சிமடத்துக்காரன் சிங்கப்பூரில், தொண்டிக்காரனும் மண்டபத்துக்காரனான நானும் ஊரில். பெருநாளுக்கு ஒருவன் வந்தால் கிறிஸ்துமஸுக்குத்தான் இன்னொருவன் வருவான். ஆறு வருடம் நால்வரும் சேர்ந்து ஒருவேளை சாப்பிட்டதில்லை.

பிறகு ஒருநாள் இப்படி யோசித்தோம்: எல்லாரும் ஊருக்கு வந்து சேர முடியவில்லை என்றால், ஆளுக்கு நான்கு நாள் லீவு போட்டு நடுவில் ஓர் ஊரில் கூடிக்கொண்டால் என்ன? முதுகில் ஒரு பை, அவ்வளவுதான். இதுவரை இரண்டு முறை கொழும்பில் கூடியிருக்கிறோம். முதல் முறை மூன்று பேர், இரண்டாம் முறை நால்வரும். நம் கடற்கரையில் எங்களைப் போல நிறைய நண்பர் கூட்டங்கள் இருப்பதால், கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

படி 1: ஊரைத் தேர்ந்தெடுப்பது

துபாய், கோலாலம்பூர், கொழும்பு என்று மூன்றையும் பேசிப் பார்த்தோம். கொழும்பு வென்றதற்குக் காரணங்கள் சாதாரணமானவை. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. மதுரையிலிருந்து ஏறினால் ஒரு மணி நேரம் போலத்தான். தமிழ் பேசியே நாளை ஓட்டலாம். கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம், இந்திய நேரம்தான் அங்கேயும்.

எனக்கு மட்டும் இன்னொரு காரணம் இருந்தது. தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல்தான். பாம்பன் ரயில் பாலம் திறந்த 1914இலிருந்து, சென்னை எழும்பூரில் டிக்கெட் வாங்கி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போகலாம் என்றிருந்தது. போட் மெயில் என்று பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியோடு அந்தப் பாதையும் போயிற்று. எங்கள் ஊரில் மண்டபம் கேம்ப் என்கிறோமே, அது இலங்கைக்குப் போகிறவர்களை நிறுத்தி நோய் பார்த்து அனுப்பிய இடம். தாத்தா கொழும்புக்கு வேலைக்குப் போன கதையை அந்தக் கேம்ப்பில் ஊசி போட்டுக்கொண்டதிலிருந்துதான் ஆரம்பிப்பார். அவர் போன ஊரை ஒருதடவையாவது பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

படி 2: தேதி

முதலில் எல்லாரும் பேச ஒரு நேரம் வேண்டும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். ராத்திரி பேசலாம் என்றால் சிங்கப்பூர்க்காரன் தூங்கிவிடுவான். ஞாயிறு பகல் எங்களுக்குச் சரிப்பட்டது: துபாயில் 11 மணி, நமக்கு 12.30, சிங்கப்பூரில் 3 மணி. இன்னொன்று, அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் எடுக்காது. ஜூம், கூகுள் மீட் மாதிரி ஒன்றில் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவதற்குத் தடையில்லை.

தேதி குறிக்கும்முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

மழை: கொழும்புக்குத் தென்மேற்குப் பருவமழை உண்டு. மே மாதம் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. அக்டோபர், நவம்பரிலும் கொட்டும். நம் பக்கம் கிணறு வற்றிக் கிடக்கும் மாதத்தில் அங்கே தெரு நனைந்து கிடக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம்.

போயா: ஒவ்வொரு மாதமும் பௌர்ணமி அன்று இலங்கையில் பொது விடுமுறை. மது விற்பனை கிடையாது, இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும், பல கடைகள் திறக்காது. நாங்கள் முதல் முறை இது தெரியாமல் சரியாகப் போயா அன்று புறக்கோட்டைச் சந்தைக்குப் போய் மூடிய கதவுகளைப் பார்த்துவிட்டு வந்தோம். மே மாத வெசாக் போயாவில் ஊரே விளக்குக்கூடாக இருக்கும். அதற்காகவே போவதானால் தங்கும் இடத்தை வெகு முன்னதாகப் பிடியுங்கள்.

ஏப்ரல் 13, 14: புத்தாண்டு. ஆட்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவதால் கொழும்பு வெறிச்சோடும்.

படி 3: காசு

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். கூட்டுப் பயணம் நடப்பதும் நடக்காமல் போவதும் இங்கேதான் முடிவாகிறது.

முதல் முறை நாங்கள் மூன்று பேர்தான் போனோம் என்றேன். தொண்டிக்காரன் வரவில்லை. "வேலை இருக்குடா, அடுத்த தடவை வர்றேன்" என்றான். நம்பினோம். பல மாதம் கழித்து அவன் அக்கா சொல்லித்தான் தெரிந்தது, காசு இல்லாததால் வரவில்லை என்று. குழுவில் துபாய்க்காரன் கடற்கரை ஹோட்டல் படங்களைப் போட்டுக்கொண்டிருந்தான், சிங்கப்பூர்க்காரன் அதற்கு விரல் உயர்த்திக்கொண்டிருந்தான், நானும் பேசாமல் இருந்தேன். திர்ஹமிலும் டாலரிலும் சம்பளம் வாங்குகிறவர்களின் பேச்சுக்கு நடுவில், படகுக்கு டீசல் போட்டுவிட்டு மிச்சத்தில் வீட்டை நடத்துகிறவன் என்ன சொல்வான்? "நீ வா, நாங்க பாத்துக்கிறோம்" என்றிருந்தாலும் வந்திருக்க மாட்டான். அவன் சுபாவம் அது. அவன் இடத்தில் நான் இருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

இரண்டாம் முறைக்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒவ்வொருவரும் தன்னால் எவ்வளவு செலவழிக்க முடியும் என்பதை ஒரே ஒரு ஆளிடம் மட்டும் தனியாகச் சொல்வது. அந்த ஆள் நால்வரின் தொகையில் எது குறைவோ அதை மட்டும் குழுவில் போடுவார். யாருடையது என்று சொல்ல மாட்டார். அந்தத் தொகைதான் பயணத்தின் அளவு. அதற்குள் அடங்கும் அறை, அதற்குள் அடங்கும் சாப்பாடு. அதிகம் வைத்திருக்கிறவன் என்பதற்காக அதைத் தாண்டக் கூடாது.

அங்கே போனபிறகு பொதுக் காசு. தினமும் காலையில் ஆளுக்கு ஒரே தொகையை ஒரு ஜிப் பையில் போடுவோம். சாப்பாடு, பஸ், ஆட்டோ, தண்ணீர், நுழைவுச் சீட்டு எல்லாம் அதிலிருந்து. துணிமணி, வீட்டுக்கு வாங்கும் சாமான் அவரவர் காசு. பையை ஒருவன் வைத்திருக்க, இன்னொருவன் கணக்கு எழுத வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் அவனுக்குப் பயணம் என்று ஒன்று இருக்காது. அறைக்கு யாராவது கார்டில் கட்டியிருந்தால் முதல் நாள் ராத்திரியே அவனுக்குக் கொடுத்து முடித்துவிடுங்கள். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம் என்று விட்ட கணக்கு ஊருக்குப் போனபின் கேட்க முடியாத கணக்கு.

வெளிநாட்டுக்காரர்கள் விருந்து வைக்க ஆசைப்படுவார்கள். அதையும் தடுக்க வேண்டாம். ஒரே ஒரு ராத்திரிச் சாப்பாடு அவர்களுடையது என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் கிடையாது. ஊரிலிருந்து போகிறவன் கையிலும் கொடுக்க ஒன்று இருக்கும். தொண்டிக்காரன் பனங்கருப்பட்டியும் தொதல் என்ற கீழக்கரை இனிப்பும் கட்டிக்கொண்டு வந்தான். துபாய்க்காரன் அந்தத் தொதல் பொட்டலத்தைப் பிரித்து, தேங்காய்ப்பால் எண்ணெய் மினுங்கும் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவேயில்லை.

காசு மாற்றுவது பற்றி: விமான நிலையத்தில் முதல் நாள் செலவுக்கு மட்டும் மாற்றிவிட்டு மீதியை நகரில் உரிமம் உள்ள கடையில் மாற்றுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் யுபிஐ செல்லும். லங்கா க்யூஆர் ஒட்டியிருக்கும் கடைகளில் இந்தியக் கணக்கிலிருந்தே கட்டலாம். நடைபாதைக் கடைக்கும் பஸ்ஸுக்கும் ரொக்கம்தான்.

படி 4: பாஸ்போர்ட், அனுமதி

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். இலங்கைக்கு இ.டி.ஏ. என்ற பயண அனுமதியை முன்னாலேயே இணையத்தில் வாங்க வேண்டும். இந்தியர்களுக்குச் சுற்றுலா என்றால் 30 நாள் தருகிறார்கள். கட்டணமும் சலுகையும் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் போடும் அன்றே இலங்கை அரசின் குடிவரவுத் தளத்தில் பாருங்கள். அதே பெயரில் இடைத்தரகர் தளங்கள் நிறைய முளைத்திருக்கின்றன. இணைய முகவரியில் இலங்கை அரசுக்குரிய gov.lk இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள்.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று. சிலரின் பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருக்கும். டிக்கெட் வாங்கும்முன் அதைக் கையில் வாங்குங்கள். திரும்பிப் போகும் நாளில் வேலை விசா உயிரோடு இருக்குமா என்றும் பாருங்கள்.

திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, இ.டி.ஏ. மூன்றையும் காகிதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். குடியேற்ற மேசையில் எதற்குப் போகிறாய் என்று கேட்டால் நண்பர்களைப் பார்க்க, ஊர் சுற்ற என்று உள்ளதைச் சொன்னால் போதும்.

படி 5: இராமநாதபுரத்திலிருந்து கொழும்புக்கு

இராமநாதபுரத்தில் பஸ் ஏறினால் பரமக்குடி, மானாமதுரை வழியாக மதுரை மாட்டுத்தாவணி. ஏறத்தாழ 110 கிலோமீட்டர். அங்கிருந்து விமான நிலையத்துக்கு ஆட்டோவோ டாக்ஸியோ. மதுரையில் சீட்டு விலை ஏறியிருந்தால் திருச்சியையும் பாருங்கள்.

கடல் வழி வேண்டும் என்பவர்களுக்கு நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான்கு மணி நேரம் போல ஆகும். நம் மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். இறங்குவது யாழ்ப்பாணப் பக்கம், கொழும்பு அங்கிருந்து 400 கிலோமீட்டர். நான்கு நாள் லீவில் இது கட்டாது. பத்து நாள் இருந்தால் நான் இதில்தான் போவேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பையன்கள் "படகில் போனால் அரை மணி நேரம்" என்று பேசிக்கொள்வார்கள். அந்த எல்லைக்கோட்டில் பிடிபட்டுச் சிறையில் கிடந்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் இலங்கை மண்ணை மிதிக்க ஒரே வழி கச்சத்தீவு அந்தோனியார் திருவிழா. அதற்கும் பெயர் கொடுத்துப் பதிய வேண்டும், தீவைத் தாண்ட முடியாது.

படி 6: முதல் சந்திப்பு

முதல் பயணத்தில் "ஏர்போர்ட்ல பாத்துக்கலாம்" என்று மட்டும் பேசியிருந்தோம். துபாய்க்காரன் விடியற்காலையில் இறங்கினான், நான் பகலில். அவன் ரோமிங் வேலை செய்யவில்லை. அவன் வெளியே டாக்ஸிகள் நிற்கும் பக்கம், நான் உள்ளே சிம் விற்கும் கடைகளின் பக்கம். இரண்டு மணி நேரம் நூறடி தூரத்தில் நின்றுகொண்டு ஒருவரையொருவர் தேடினோம். பார்த்தபோது சந்தோஷத்துக்குப் பதில் கோபம்தான் வந்தது. அன்று மாலை முழுவதும் அது ஒட்டிக்கொண்டிருந்தது.

அதனால் இப்போது இப்படிச் செய்கிறோம்.

விமான நிலையத்தில் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. கட்டுநாயக்க விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே 30 கிலோமீட்டருக்கு மேல். அவரவர் இறங்கி, அங்கேயே டயலாக் அல்லது மொபிடெல் சிம் போட்டுக்கொண்டு, 187ஆம் எண் பஸ்ஸில் நகருக்கு வந்துவிட வேண்டும். நள்ளிரவில் இறங்குகிறவன் மட்டும் பிக்மீ செயலியில் வண்டி பிடிக்கலாம். பிக்மீ அங்கே நம் ஓலா மாதிரி.

சந்திக்கும் இடம் போன் இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நாங்கள் வைத்திருப்பது கோட்டை ரயில் நிலையத்தின் முன்னால் நிற்கும் ஆல்காட் சிலை. சென்னை அடையாறில் தியாசபிகல் சொசைட்டியை நிலைநிறுத்திய அதே ஆல்காட். கொழும்பில் யாரைக் கேட்டாலும் ஸ்டேஷனைக் காட்டுவார்கள், ஸ்டேஷன் வாசலில் சிலை.

நேரம் ஒன்று, மாற்று நேரம் ஒன்று. மாலை 4 மணி, அரை மணி நேரம் பார்ப்போம். வராதவன் 6 மணிக்கு மறுபடி அதே சிலைக்கு. அதற்கும் வரவில்லையென்றால் நேரே அறைக்கு. அறையின் பெயர், தெரு, தொலைபேசி எண் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும், போனில் இருந்தாலும்.

இரண்டாம் பயணத்தில் நான்தான் முதலில் போய் நின்றேன். ஆபீஸ் விட்ட கூட்டம் ஸ்டேஷனுக்குள் போய்க்கொண்டிருந்தது. தொண்டிக்காரன் என்னோடுதான் வந்திருந்தான், தண்ணீர் வாங்கப் போயிருந்தான். கூட்டத்துக்கு எதிர்த்திசையில் ஒரு பச்சைப் பை மட்டும் மேலே மேலே ஆடிக்கொண்டு வந்தது. சிங்கப்பூர்க்காரன் உயரம். அவன் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினான். பிறகு என் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு வந்தவனைப் பார்த்ததும் உயர்த்திய கை அப்படியே நின்றது. தொண்டிக்காரன் கிளம்பிவிட்டதை அவனிடம் நாங்கள் சொல்லவில்லை.

படி 7: தங்குவது

காலி என்ற ஊருக்குப் போகும் காலி வீதியை ஒட்டி, கடற்கரை ரயில் பாதைக்கு நடக்கும் தூரத்தில் தங்குங்கள். கொழும்பில் முகவரிகள் எண்ணில் ஓடும்: கோட்டை 1, கொள்ளுப்பிட்டி 3, பம்பலப்பிட்டி 4, வெள்ளவத்தை 6, புறக்கோட்டை 11, கொச்சிக்கடை 13. தமிழ்க் கடையும் தமிழ்ச் சாப்பாடும் அக்கம்பக்கத்தில் வேண்டும் என்றால் 6. நால்வர் என்றால் தனித்தனிப் படுக்கை உள்ள ஹாஸ்டலைவிட ஒரே அறையாகவோ சின்ன வீடாகவோ எடுப்பது மேல். ராத்திரி ஒரு மணி வரை பேசுவதற்குத்தானே வந்திருக்கிறோம், பக்கத்துப் படுக்கைக்காரரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

சார்ஜர்: நம் உருண்டை முள்ளும் போகும், சதுர மூன்று முள் பிளக்கும் பல இடங்களில் இருக்கும். ஒரு அடாப்டர் நால்வருக்கும் போதும்.

படி 8: சுற்றுவது

முதல் மாலை: காலி முகத்திடல். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்டு கடலோரமாக அமைத்த நீண்ட திடல். நுழைவுச் சீட்டு இல்லை. பட்டம் விடுவார்கள், இறால் ஒட்டிய இஸ்ஸோ வடை விற்பார்கள். தொண்டிக் கடலில் சூரியன் எழுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இங்கே சூரியன் கடலுக்குள் இறங்குவது புதிது. முதல் நாளுக்கு இது மட்டும் போதும், வேறு எதையும் சேர்க்காதீர்கள். வருடக் கணக்கில் பேசாத பேச்சு இருக்கும், அதற்கு இடம் விடுங்கள்.

இரண்டாம் நாள் காலை: புறக்கோட்டை நடை. இதற்கு நான் முழு அரைநாள் ஒதுக்குவேன். கோட்டை ஸ்டேஷனிலிருந்து நடந்தால் கான் மணிக்கூண்டு. பம்பாயைச் சேர்ந்த பார்சிக் குடும்பம் ஒன்று 1923இல் கட்டியது. அதைத் தாண்டினால் மெயின் வீதியும் அதிலிருந்து பிரியும் குறுக்குத் தெருக்களும். ஒரு தெருவில் துணி, ஒன்றில் மின்சாமான் என்று தெருவுக்கொரு சரக்கு. கைவண்டிக்காரர் பின்னாலிருந்து குரல் கொடுத்தால் உடனே ஒதுங்கிவிட வேண்டும், அவரால் நிறுத்த முடியாது.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல். தமிழில் சம்மாங்கோட்டுப் பள்ளி. புறக்கோட்டையில் வியாபாரம் செய்த இந்திய முஸ்லிம்கள் 1908இல் கட்டத் தொடங்கி அடுத்த ஆண்டு முடித்தார்கள். நம் கடற்கரையிலிருந்து போன வியாபாரிகளைத்தான் அங்கே சம்மாங்காரர் என்பார்கள். தொழுகை நேரம் தவிர மற்றவர்களும் பார்க்கலாம், கை கால் மூடிய உடுப்பு வேண்டும்.

பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கீழக்கரைக்காரன், அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் ஊர்ப் பழக்கத்தில் "காக்கா, இது என்ன விலை?" என்று கேட்டுவிட்டான். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "இங்க நாங்க நானா எண்டுதான் சொல்ற தம்பி. கீழக்கரையா, காயல்பட்டணமா?" என்றார். கீழக்கரை என்றதும் மூடையை நகர்த்தி உட்காரச் சொல்லிவிட்டுப் பிளேன்டீக்கு ஆள் அனுப்பினார். பால் இல்லாத அந்தத் தேத்தண்ணியைச் சின்னக் கண்ணாடிக் கிளாஸில், இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் யார் வீட்டுக்கு எந்தப் பக்கம் கடல் என்பதுவரை கேட்டார். விலையை மட்டும் குறைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அங்கிருந்து செட்டியார் தெரு. இரண்டு பக்கமும் நகைக் கடை, நடுவே நகரத்தார் வைத்த கதிரேசன் கோவில்கள். ஆடிவேல் திருவிழா ரதம் புறப்படும் தெரு இது. இன்னும் வடக்கே நடந்தால் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயம். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் அன்று குண்டு வெடித்த இடங்களில் ஒன்று. பையைச் சோதித்து உள்ளே விடுவார்கள். எல்லா மதத்துக்காரர்களும் மெழுகுவர்த்தியோடு நிற்பார்கள். தங்கச்சிமடத்துக்காரனின் அம்மா கச்சத்தீவுக்கு ஒரு வருடமும் தவறாதவர். அவர் சொல்லி அனுப்பிய வேண்டுதலை அவன் இங்கே முடித்தான். அதே பகுதியில் பொன்னம்பலவாணேஸ்வரர் கோவில், இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எடுத்துக் கட்டியது. உள்ளே போனதும் கால் குளிரும். இராமேஸ்வரம் பிரகாரத்தில் ஓடி விளையாடியவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி தெரிந்ததுதான்.

அன்று பிற்பகல்: ஆளுக்கொரு வழி. இதை வேண்டுமென்றே வையுங்கள். நான்கு பேர் நான்கு நாளும் ஒட்டிக்கொண்டே நடந்தால் மூன்றாம் நாள் சின்னதற்கெல்லாம் முகம் கோணும். ஒருவன் தூங்கட்டும், ஒருவன் துணிக்கடைக்குப் போகட்டும். மாலை 6 மணிக்கு மறுபடி கூடுங்கள்.

நான் அந்த நேரத்தில் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1877இல் திறந்தது. அங்கே ஒரு கல்லுக்காக மட்டும் போகலாம். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ காலத்தில், 1409இல் பொறித்து வந்தது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய வழியிலும் காணிக்கை சொல்கிறது. 1911இல் காலி நகரில் ஒரு கால்வாய்க்கு மூடியாகக் கிடந்ததை எடுத்தார்களாம். தேய்ந்துபோயிருக்கிறது, கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். 600 வருடத்துக்கு முன் இந்தக் கடலில் வியாபாரம் செய்ய வேண்டுமானால் எந்தெந்த மொழி வேண்டும் என்று அந்தக் கல் சொல்கிறது. அதில் நம் மொழி இருக்கிறது.

மூன்றாம் நாள்: கடற்கரை ரயில். கோட்டையில் ஏறிக் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை. தெற்கே போகும்போது வலது பக்கம் உட்காருங்கள். அலை பாதைக்கு அவ்வளவு பக்கத்தில் அடிக்கும். பாம்பன் பாலத்தில் ரயிலில் போன நமக்கே அது பிடிக்கும். டிக்கெட் மிகக் குறைவு. நேரமிருந்தால் அதே பாதையில் காலிக் கோட்டைவரை, இரண்டரை மணி நேரம் போல. கதவில் தொங்க வேண்டாம், கம்பங்கள் மிக அருகில் வரும்.

தாமரைக் கோபுரம் 350 மீட்டருக்குச் சற்று மேல். ஏறிப் பார்க்கலாம். பொதுக் காசு இளைத்திருந்தால் விட்டுவிடுங்கள், பேர வாவி என்ற ஏரிக் கரையிலிருந்து பார்த்தாலே நன்றாகத் தெரியும்.

படி 9: சாப்பாடு

காலையில் இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். மதியம் சோறும் கறியும். ராத்திரி கொத்து ரொட்டி, இரண்டு தகடுகள் கல்லில் தட்டும் சத்தத்தை வைத்தே கடையைக் கண்டுபிடிக்கலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: சம்பலிலும் சில காய்கறிக் கறியிலும் மாசிக் கருவாடு போடுவார்கள். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். வெள்ளவத்தையில் முழுச் சைவக் கடைகள் இருக்கின்றன. பாண் என்றால் பிரெட். சீனி என்பது நமக்கும் சீனிதான்.

வட்டிலப்பம் என்ற இனிப்பை விடாதீர்கள். கீழக்கரையில் வீட்டு விருந்தில் வைக்கும் அதே பண்டம்தான், ஆனால் அங்கே கித்துள் என்ற மரத்தின் கருப்பட்டியில் செய்கிறார்கள். கீழக்கரைக்காரன் ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு எங்கள் வீட்டுடையதுதான் மேல் என்றான். இரண்டாவது கிண்ணத்தையும் அவன்தான் முடித்தான்.

படி 10: கவனம் வேண்டிய இடங்கள்

விகாரைகளில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், செருப்பும் தொப்பியும் வெளியே. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது. விளையாட்டாக எடுத்தாலும் பெரிய வம்பாகும். புத்தர் உருவம் பச்சை குத்தியிருப்பவர்கள் மூடிக்கொள்ளுங்கள்.

காலி முகத்திடல் பக்கம் நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, இன்றைக்குக் கோவிலில் யானைத் திருவிழா, கடைசி நாள் என்று ஆட்டோவில் ஏற்றப் பார்ப்பார். போனால் ரத்தினக் கடையில் இறங்குவீர்கள். நன்றி சொல்லிவிட்டு நடங்கள். ஆட்டோவுக்கு மீட்டர் அல்லது செயலி.

"கீயத" என்றால் எவ்வளவு, "ஸ்தூதி" என்றால் நன்றி. இந்த இரண்டு சிங்கள வார்த்தைக்கு முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன்.

போரைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். சொல்ல விரும்புகிறவர்கள் சொல்வார்கள், அப்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். மன்னார்ப் பக்கத்து ஆள் ஒருவரைச் சந்தித்தால், இராமநாதபுரம் என்றதும் நம் விசைப்படகுகளின் இழுவை மடி வலை பற்றிப் பேச்சு வரும். இலங்கையில் 2017இலேயே அதைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். நம் பக்கத்து வலி நமக்குத் தெரியும், அவர் வலை கிழிந்த கதையும் உண்மைதான். வெள்ளவத்தையில் ஒரு தேநீர்க் கடையில் தொண்டிக்காரன் அப்படி ஒருவரோடு ஒரு மணி நேரம் பேசினான். இருவரும் கடல்காரர்கள், எங்களைவிட அவர்களுக்குள் பேச நிறைய இருந்தது.

அவசர எண்கள்: போலீஸ் 119, ஆம்புலன்ஸ் 1990, சுற்றுலாப் போலீஸ் 1912. ஆம்புலன்ஸ் இலவசம்.

படி 11: கடைசி நாள்

விமானங்கள் வேறு வேறு நேரத்தில் இருக்கும். முன்னால் போகிறவனை மற்றவர்கள் பஸ் ஏற்றிவிட வேண்டும், அறையில் படுத்துக்கொண்டு கை காட்டக் கூடாது. புறக்கோட்டையிலிருந்து 187. சாதாரண நாளிலும் விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்னால் நகரை விட்டுக் கிளம்புங்கள், மாலை நெரிசல் என்றால் இன்னும் முன்னால்.

பொதுக் காசுக் கணக்கை முதல் ஆள் கிளம்பும்முன் படித்துவிட்டு, மிச்சத்தைப் பங்கு போடாமல் அப்படியே விடுங்கள். எங்கள் ஜிப் பையில் கொஞ்சம் இலங்கை நோட்டும் சில்லறையும் மிஞ்சியது. அது இப்போது தொண்டியில் ஓர் அலமாரியில் இருக்கிறது. அடுத்த தேதியை அவன்தான் சொல்ல வேண்டும் என்று விட்டிருக்கிறோம். தை முடியட்டும் என்றிருக்கிறான்.